கடைமடை

அரசாங்கக் காகிதத்தில் என் பதவி லஸ்கர்.
கப்பலில் கூலிக்கு ஏறியவனை
வெள்ளைக்காரன் அப்படி அழைத்தானாம்.
நான் கப்பல் ஏறியதில்லை.
தலைஞாயிறுக்குக் கிழக்கே ஆறு கண் மதகில்
பலகையை ஏற்றுவேன், இறக்குவேன்.
திருகுக் கம்பியின் கழுத்தில்
லீட்ஸ் என்ற ஊரின் பெயர் வார்ப்பிரும்பில் இருக்கிறது.
மாதம் ஒருமுறை கிரீஸ் பூசி
அந்தப் பெயரைத் துருப்பிடிக்காமல் காப்பதும்
சுதந்திர நாட்டில் என் கடமை.

ஆடிக் கடைசியில் கொஸ்ஸி வந்தான்.
டோகோ நாட்டில் அரிசி இறக்கும் கம்பெனிக்கு ஆள்.
பணம் கட்டிய மூட்டைகள் காரைக்கால் கிடங்கில்;
ஏற்றுமதி நிறுத்தம் என்று
டெல்லி ஓர் இரவில் சொல்லிவிட்டது.
பத்தொன்பது நாள் லாட்ஜில் கிடந்து அலுத்து,
இந்த அரிசி குடித்த தண்ணீரையாவது பார்க்கிறேன் என்று
ஏஜென்சி லெயோனியைக் கூட்டிக்கொண்டு கார் பிடித்துவிட்டான்.

அவன் பிரெஞ்சில் கேட்டான்.
அவள் தமிழில் சொன்னாள்.
லோமேயிலிருந்து தலைஞாயிறுக்கு
இன்னும் பாரீஸ் வழியாகத்தான் பாதை.
சிரித்தோம் மூவரும்.
அவன் முதலில் நிறுத்தினான்.

தண்ணீர் எங்கே?

ஆற்றில் ஆகாயத்தாமரை, வெடித்த சேறு,
ஒற்றைச் செருப்பு.
மேட்டூர் திறந்து நாற்பது நாள் ஆகிறது;
கல்லணை தாண்டி, முறை வைத்து, பங்கு பிரித்து,
இங்கே வருவதற்குள்
ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் வெறும் பேச்சாகிவிடும்.
இந்த இடத்துக்குக் கடைமடை என்று பெயர், என்றேன்.
லெயோனிக்கு அதைச் சொல்ல
மூன்று வாக்கியம் வேண்டியிருந்தது.
கொஸ்ஸி ஒரே சொல்லில் திருப்பிச் சொன்னான்,
பிரெஞ்சில் அல்ல, அவன் வீட்டு மொழியில்.
அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

என் அப்பா பள்ளிக்கூடத்தில்
அமெரிக்கக் கோதுமை தின்று வளர்ந்தவர்.
சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும்.
இதில் எது நம்ம கை சார் என்று கேட்டு
பிரம்படி வாங்கியவர்.
இன்று நிலவில் நம் சக்கரத் தடம் இருக்கிறது.
உலகச் சபையில் எவனுக்கும் கை தூக்காமல்
உட்கார்ந்திருக்கத் தெரிகிறது.
ரஷ்ய யூரியாவும் மொராக்கோ டி.ஏ.பி.யும்
எங்கள் சொசைட்டியில் முதுகு உரச அடுக்கிக் கிடக்கின்றன.
பெருமைதான்.
டீக்கடையில் நானே பேசியிருக்கிறேன், கிளாஸ் ஆறும்வரை.

இந்தத் திருகு யார் கையில்?
என் கையில். உத்தரவு மேலே.
தண்ணீர் அதற்கும் மேலே, கர்நாடகத்தில்.
அரிசியின் திருகு?
டெல்லியில்.
டெல்லி என்றால் நீங்கள்தானே?

லெயோனி குரல் மாற்றாமல் சொன்னாள்.
அவள் சம்பளத்தில் அது சேர்த்தி இல்லை.

எங்களுக்கே போதவில்லை, விலை ஏறுகிறது,
முதலில் எங்கள் வயிறு என்று சொல்ல வாயெடுத்தேன்.
திருவாரூர் ரயிலடியில் தண்டவாளத்தில் படுத்து
எந்த வாக்கியத்தைத் திட்டினேனோ
அதே வாக்கியம்.
மேல்மடைக்காரன் சொல்வது பொய்யே அல்ல,
அதுதான் அதன் கெட்ட குணம்.

அவன் சக்கரத்தில் கை வைத்தான்.
வெளியாள் தொடக்கூடாது. விட்டேன்.
மூன்றாம் கண்ணின் பலகை முனகிக்கொண்டு
இரண்டு அங்குலம் எழுந்தது.
கீழிருந்து ஒரு நண்டு ஓடியது,
நடுவில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு.

கிரீஸ் படிந்த கையோடே காரில் ஏறினான்.
துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கவில்லை.

மாலையில் பதிவேட்டை எழுதினேன்:
மதகு மூன்று. திறப்பு இரண்டு அங்குலம்.
வெளியேற்றம் இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்து,
பராமரிப்பு.